9 ஆட்டம், 9 வெற்றி, அழைப்பு மட்டும் இல்லை

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கல்லூரி அணிகள் மோதினால்கூட அங்கே பெருங்கூட்டம் கூடும். சீசன் முடிந்ததும் புத்தாண்டை ஒட்டி 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும். 1950-களில் பெரும்பாலான பௌல்களுக்குத் தகுதிச் சுற்று எதுவும் கிடையாது; நடத்துகிற குழுவே பார்த்து அழைக்கணும். அழைப்பு வந்தால் கல்லூரிக்குப் பேரும் கிடைக்கும், பணமும் கிடைக்கும்.

1951-ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணிக்கு இரண்டுமே தேவைப்பட்டது. இயேசு சபையினர் நடத்தும் சின்னப் பல்கலைக்கழகம் அது. ஃபுட்பால் அணியால் நஷ்டம்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் களத்தில் கதையே வேறு. பயிற்சியாளர் ஜோ குஹாரிச்சின் அணி 9 ஆட்டம் ஆடி 9-லும் ஜெயித்தது. பசிபிக் கல்லூரியை 47–14, கடைசி ஆட்டத்தில் லொயோலாவை 20–2. ஆலி மேட்சன் அந்த சீசனில் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கஜம். நாட்டிலேயே அதுதான் அதிகம்.

அப்புறம் ஏன் அழைப்பு வரவில்லை? மேட்சனும் பர்ல் டோலரும் கறுப்பர்கள். முக்கியமான பௌல்கள் பலவும் நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த தென் மாநிலங்களில் நடந்தன. அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வருவதானால் அழைப்பு உண்டு என்று தகவல் வந்ததாகவும், மொத்த அணியும் மறுத்துவிட்டதாகவும் வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

'நீங்க உள்ளே வாங்க, அவங்க வெளியே நிக்கட்டும்' என்கிற ஏற்பாடு நம்ம பக்கத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறினால் மதுரை. அங்கே மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார் ஒருவரும் அ. வைத்தியநாத ஐயரோடு நுழைந்தது 1939 ஜூலை 8-ல். அங்கேயும் உள்ளே போகிற உரிமை ஏற்கெனவே இருந்த ஒருவர், அது இல்லாதவர்களோடு சேர்ந்து நின்றார்.

சான் பிரான்சிஸ்கோ பையன்கள் கொடுத்த விலை சின்னது இல்லை. பௌல் பணம் வரவில்லை. அந்த சீசனோடு பல்கலைக்கழகம் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. அவர்கள் மறுத்ததால் தெற்கில் உடனே எதுவும் மாறிவிடவும் இல்லை. 1956 ஜனவரியில்தான் பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் 'சுகர் பௌல்' ஆட்டத்தில் இறங்கினார். அதற்கும் ஜார்ஜியா ஆளுநர் எதிர்ப்புத் தெரிவித்தார்.

அந்த அணியிலிருந்து மேட்சன், ஜினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய 3 பேர் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். அணிக்கு விளம்பர வேலை பார்த்த பீட் ரோசெல் 1960-ல் தேசிய ஃபுட்பால் லீகுக்கே தலைவரானார். 2006-ல் பல்கலைக்கழகம் அந்தப் பழைய வீரர்களை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

முழங்கால் காயத்தால் டோலரால் தொழில்முறையில் ஆட முடியவில்லை. பள்ளித் தலைமை ஆசிரியரானார். 1965-ல் அந்த லீகின் முதல் கறுப்பின நடுவரும் ஆனார். 1980 சூப்பர் பௌல் நடந்தபோது களத்தில் இருந்த நடுவர்களில் அவரும் ஒருவர்.