மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மாடிச் சத்தம்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள் தெரியும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் கான்கிரீட், அதற்கும் மேல் தட்டோடு. இந்த முறைக்கென்றே ஐ.எஸ். 2119 என்று ஒரு இந்தியத் தர விதி (1980) இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் மேல்மாடிச் சத்தத்தை எப்படிக் குறைப்பது? முதலில் சத்தம் இரண்டு வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, காற்றுவழிச் சத்தம்: பேச்சு, டிவி. இதைத் தடுப்பது எடை. எடை இரட்டிப்பானால் சுமார் 5 டெசிபல் குறையும். 25 மி.மீ. பலகை மச்சு சதுர மீட்டருக்கு 16 கிலோதான் வரும். 75 மி.மீ. செங்கல்லும் 100 மி.மீ. ஜல்லியும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 கிலோ. நான் குடியிருக்கும் பருத்திப்பட்டு அடுக்ககத்தின் 5 அங்குலக் கான்கிரீட் தளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, பேச்சுச் சத்தத்துக்கு மெட்ராஸ் டெரஸ் நல்ல தடுப்பு. அதையும் மீறிப் பேச்சு கேட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பும் 20 டெசிபலுக்கு மேல் போகாது.

இரண்டாவது, மோதல் சத்தம்: நாற்காலி இழுப்பது, குழந்தை குதிப்பது, உரலில் இடிப்பது. இதில் தளமே அதிர்கிறது. கட்டை வழியாகச் சுவருக்குப் போய், சுவரும் சேர்ந்து ஒலிக்கும். எடை மட்டும் இங்கே போதாது. அடி விழும் இடத்திலேயே மெத்தென்று ஏதாவது இருக்கணும்.

திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியப்பா வீட்டில் பிரச்சினை இந்த இரண்டாவது வகை. பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் கீழ்க்கட்டில் படுத்திருக்கிறார். மேலே சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம். "ஜிப்சம் போர்டு அடிச்சு கட்டையெல்லாம் மூடிடலாம் சார், சத்தமே வராது" என்றார் வேலைக்கு வந்தவர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெரியப்பா என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு.

போர்டைக் கட்டையிலேயே ஆணி அடித்துப் பொருத்தினால் அதிர்வு நேராக அதில் இறங்கும். மோதல் சத்தத்துக்குப் பெரிய பலன் இல்லை. அதைவிட முக்கியம், கட்டையை மூடிவிட்டால் கரையானும் மழைக்கசிவும் கண்ணில் படாது. இந்தக் கூரையில் முதலில் உளுப்பது சுவருக்குள் நுழையும் கட்டை முனைதான். தலைக்கு மேல் 300 கிலோ நிற்கும்போது அது தெரியாமல் இருப்பது ஆபத்து.

அப்போ என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக:

1. மேலே நாற்காலி, மேஜைக் கால்களுக்கு ரப்பர் புஷ். உரலுக்கும் மிக்ஸிக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய்.

2. குழந்தைகள் விளையாடும் இடத்தில் தென்னைநார் விரிப்பு, அதன்மேல் கம்பளம். கோரைப்பாய் மட்டும் போதாது, ரொம்ப மெல்லிசு.

3. கீழே கட்டை சுவரில் நுழையும் இடத்து இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பது. சிமெண்ட் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

4. இதற்கும் அடங்காவிட்டால் மேலே மிதக்கும் தளம்: ரப்பர் அல்லது கார்க் விரிப்பு, அதன்மேல் பிளைவுட். பிளைவுட் சுவரைத் தொடாமல் சுற்றிலும் சின்ன இடைவெளி விட வேண்டும். தொட்டால் அதிர்வு அந்த வழியாகவே இறங்கிவிடும்.

மிதக்கும் தளத்தைச் சிமெண்டில் போடச் சொல்பவர்களும் உண்டு. 50 மி.மீ. சிமெண்ட் என்றால் சதுர மீட்டருக்கு 110 கிலோ. பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன். பழைய கட்டை தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

தெர்மாகோல், முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், தெர்மாகோல் அதுகூடச் செய்யாது. மாடிச் சத்தத்தை இரண்டுமே நிறுத்தாது.