மல்லாக்கவா, குப்புறவா? 20 வருஷம் லேட்டா வந்த பதில்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியைப் பத்தி. கைக்குழந்தையைத் தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்கணுமா, குப்புறப் படுக்க வைக்கணுமா? மேற்கத்திய நாடுகள்ல இதுக்கு ரொம்ப காலம் தப்பான பதிலைச் சொல்லிட்டு இருந்தாங்க. அதனால போனது ஆயிரக்கணக்கான உயிர்கள்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். நல்லா இருந்த குழந்தை தூங்கப் போகுது, காலையில உயிரோட இல்லை. பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் தெரியலை. ஒரு வயசுக்குள்ள நடக்கிற இப்படிப்பட்ட திடீர் இறப்புக்கு 'சிட்ஸ்'னு பேர். பிரிட்டன்ல 'தொட்டில் மரணம்'னு சொல்வாங்க.

அமெரிக்காவுல பெஞ்சமின் ஸ்பாக்னு ஒரு குழந்தை மருத்துவர். 1946-ல வெளியான அவரோட குழந்தை வளர்ப்புப் புத்தகம் கோடிக்கணக்குல வித்தது. 1950-களில் வந்த பதிப்புல அவர் குப்புறப் படுக்க வைக்கறதையே பரிந்துரைச்சார். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சுக்கும்ங்கறது அவரோட வாதம். கேட்க லாஜிக்காத்தான் இருக்கு. ஆனா உடம்போட அமைப்பு வேற சொல்லுது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போகணும்னா புவியீர்ப்பை எதிர்த்து மேல ஏறணும். குப்புறப் படுத்தா இது அப்படியே தலைகீழ்.

இன்னொரு காரணமும் இருந்தது. மூச்சுத் திணறலோட பிறக்கிற குறைமாசக் குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரியில குப்புறப் போட்டா ஆக்சிஜன் அளவு கூடுச்சு. தீவிர சிகிச்சைப் பிரிவுல மானிட்டர் மாட்டியிருக்கிற குழந்தைக்குச் சரியா இருந்த பழக்கம், மெதுவா வீட்டுத் தொட்டிலுக்கும் வந்துடுச்சு.

தரவு இல்லாம இல்லை. 2005-ல ரூத் கில்பர்ட்டும் அவரோட குழுவும் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. 1970-க்குள்ள வந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்தாலே குப்புறத் தூங்கற குழந்தைக்கு ஆபத்து கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு தெரிஞ்சிருக்கும். நம்ம பாஷையில சொன்னா, எரர் எல்லாம் லாக்ல இருந்தது, யாரும் அதை ஒண்ணாத் திறந்து பார்க்கலை. அப்பவே பார்த்திருந்தா பிரிட்டன்ல மட்டும் 10,000-க்கு மேல, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் எல்லாம் சேர்த்தா குறைஞ்சது 50,000 குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கலாம்னு அந்தக் கட்டுரை மதிப்பிடுது.

திருப்பம் 1980-களின் கடைசியில வந்தது. நியூசிலாந்துல எட் மிட்செல் குழுவும், பிரிட்டன்ல பீட்டர் ஃப்ளெமிங் குழுவும் இறந்த குழந்தைகளோட தூக்க விவரங்களை மத்த குழந்தைகளோடு ஒப்பிட்டாங்க. 1991-ல தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் தன் மகனை இப்படித்தான் இழந்தார். நியூசிலாந்துல நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு, பிரிட்டன்லயும் விழிப்புணர்வுப் பிரச்சாரம் வேணும்னு போராடினார். அதே வருஷக் கடைசியில பிரச்சாரம் ஆரம்பிச்சது, இறப்புகள் வேகமா சரிஞ்சது. அமெரிக்காவுல குழந்தை மருத்துவர்கள் அகாடமி 1992-ல பரிந்துரையை மாத்துச்சு. அப்போ 1,000 குழந்தைக்கு 1.2-ஆ இருந்த சிட்ஸ் விகிதம், 2001-ல 0.56. இதுல ஒரு பங்கு, மரணக் காரணத்தை வேற பேர்ல பதிவு பண்ண ஆரம்பிச்சதால வந்தது. ஆனாலும் பெரிய சரிவு நிஜம். புது மருந்து இல்லை, மெஷின் இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான்.

இதுல டாக்டர்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. வாயால சொல்ற அறிவுரையை விட, பிரசவ வார்டுல நர்ஸ் குழந்தையை எப்படிப் படுக்க வைக்கறாங்கன்னு பார்த்துதான் பெத்தவங்க வீட்டுலயும் செய்யறாங்கன்னு ஆய்வுகள் காட்டுது. அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தா போதாது. வார்டுலயே சரியாச் செஞ்சு காட்டணும்.

சரி, வீட்டுல என்ன பண்றது? முதல் வருஷம் பகலோ ராத்திரியோ, தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான். மெத்தை கெட்டியா, சமமா இருக்கணும். பக்கத்துல தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். அம்மா அப்பா இருக்கிற அதே ரூம்ல, ஆனா தனிப் படுக்கை. வீட்டுக்குள்ள சிகரெட் புகை கூடவே கூடாது.

அப்போ குழந்தை குப்புறவே படுக்கக் கூடாதான்னு கேட்பீங்க. முழிச்சிருக்கும்போது, நீங்க பக்கத்துல இருந்தா தாராளமா விடலாம். கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வரும், பின்மண்டை தட்டையாகறதும் குறையும். நம்ம வீட்டுல 'குழந்தை குப்புற விழுந்துடுச்சு'ன்னு கொண்டாடுவோமே, அந்தக் கட்டம் தாண்டி ரெண்டு பக்கமும் தானாப் புரள ஆரம்பிச்சுட்டா, தூக்கத்துல புரண்டு படுத்தாலும் எழுந்து எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க வைங்க. குறைமாசக் குழந்தையோ, வேற உடல் பிரச்சினையோ இருந்தா உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாருக்காவது புதுசா குழந்தை பிறந்திருந்தா, வாழ்த்தோட சேர்த்து இந்த எபிசோடையும் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.