பிறநாட்டுச் செலவுக்கு எந்த அட்டை?

கல்லூரி விடுமுறையில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ உல்லாசப் பயணம் சென்று வருவது இன்று நம்மிடையே அரிய செயல் அன்று. விமானச் சீட்டு வாங்கும்போது நாலு இடத்தில் விலை கேட்டு, ஐந்நூறு ரூபாய் குறையும் என்பதற்காக ஒரு வாரம் காத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களே, அங்கே செலவிடும் பணத்தை எவ்வழியில் கொண்டுபோவது என்பதைப் பயணத்துக்கு முதல்நாள் மாலையில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். பையில் எந்த அட்டை கிடக்கிறதோ அதுவே போதும் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். அட்டைக்கு அட்டை வேறுபாடு உண்டா? உண்டு. அது எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பணமும் ஒரு சரக்கு. இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கத்தரிக்காய்க்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று இருப்பது போலவே பிறநாட்டு நாணயத்துக்கும் இரு விலைகள் உண்டு. ஒரு நாணயத்தை மற்றொன்றாக மாற்றித் தருபவர் தமக்கென்று கழித்துக்கொள்ளும் தொகையை நம் முன்னோர் 'வட்டம்' என்றனர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் நடந்த காலத்தில், உண்டியல் என்னும் பத்திரத்தின் வழியாகப் பணம் கடல் கடந்தது. மேனாட்டில் 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வெளியிட்டது. 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை பிறந்தது. கருவிகள் மாறினவே அன்றி, வட்டம் மறையவில்லை. முன்பு அது பேசி முடிக்கப்பட்டது. இன்று சிற்றெழுத்தில் அச்சிடப்படுகிறது. ஆகவே எந்த அட்டையை எடுத்தாலும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: என் ரூபாயை மாற்றுபவர் யார், எந்த நாளில், என்ன விலைக்கு?

சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்றே வழங்குவர். நானும் அவ்வாறே சொல்கிறேன். கணக்கின் எளிமைக்காக ஒரு வெள்ளியின் சந்தை விலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பயணச் செலவு 1000 வெள்ளி. அதாவது 65,000 ரூபாய்.

முதலாவது, கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டை. நம் நாட்டு வங்கிகள் பலவற்றில் இதற்கு வட்டம் 3.5 விழுக்காடு. 65,000 ரூபாய்க்கு அது 2,275 ரூபாய் ஆகும். அந்த வட்டத்தின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 409 ரூபாய் 50 காசு. ஆக, 2,684 ரூபாய் 50 காசு கூடுதல். ஏறத்தாழ 41 வெள்ளி! அங்குள்ள எளிய உணவங்காடிகளில் ஆறேழு வேளை உண்ணலாம். வட்டம் 2 விழுக்காடாக உள்ள அட்டைகளும் உண்டு. வட்டமே இல்லாத அட்டைகளும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. அவற்றின் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு நாளைய பயணத்துக்காக ஓராண்டுக் கட்டணம் செலுத்துவது அறிவுடைமை ஆகாது. கடன் அட்டையைக் கொண்டு பணப்பொறியில் ரொக்கம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். கட்டணம் ஒருபுறம் இருக்க, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

டெபிட் கார்டு என்னும் பற்று அட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வட்டம் இதற்கும் உண்டு. அன்றியும், இது வீட்டுச் சேமிப்புக் கணக்கின் திறவுகோல். அயலூரில் அது தொலைந்தால் தொலைவது அட்டை மட்டும் அன்று. பிறநாட்டு இணையக் கடைகள் சிலவற்றில் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, வங்கிகளில் ஃபாரெக்ஸ் கார்டு என்று கேட்டால் தரும் முன்பண அட்டை. புறப்படுவதற்கு முன்பே ரூபாயைக் கட்டி வெள்ளியாக மாற்றி, அட்டையில் ஏற்றிக்கொள்கிறோம். அன்றைய விலை அன்றே உறுதியாகிவிடும். பின்னர் ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலை இல்லை. 'இதற்கு வட்டமே கிடையாது' என்று விளம்பரம் சொல்லும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சந்தையில் 65 ரூபாய் விற்கும் வெள்ளியை வங்கி 66 ரூபாய்க்கு நமக்கு விற்கிறது என்று கொள்வோம். அந்த ஒரு ரூபாயில்தான் வட்டம் ஒளிந்திருக்கிறது. 1000 வெள்ளிக்கு 1,000 ரூபாய். நாணய மாற்றுக்குரிய வரி 118 ரூபாய் 80 காசு. ஆக 1,118 ரூபாய் 80 காசு. கடன் அட்டைக்கு நாம் கண்ட கூடுதலில் பாதிக்கும் குறைவு. ஆயினும் வங்கிக்கு வங்கி இந்த விலை வேறுபடும். 'உங்கள் கட்டணம் என்ன?' என்று கேட்பதைவிட, '1000 வெள்ளி ஏற்ற நான் மொத்தம் எத்தனை ரூபாய் தரவேண்டும்?' என்று கேளுங்கள். எழுதியே வாங்குங்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இந்த அட்டைக்கும் குறைகள் உண்டு. செலவாகாமல் 150 வெள்ளி மிஞ்சினால், அதைத் திரும்பப் பெறும்போது வங்கி 64 ரூபாய்தான் தரக்கூடும். 66-க்கு வாங்கியதை 64-க்கு விற்றால் 300 ரூபாய் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கு ஒருநாள் சென்று, வெள்ளி ஏற்றிய அட்டையால் ரிங்கிட்டில் செலவு செய்தால், வெள்ளியை ரிங்கிட் ஆக்குவதற்கு இன்னொரு வட்டம் பிடிப்பார்கள். விடுதிகளில் முன்வைப்பாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பதும் உண்டு. கடன் அட்டையில் அது வரம்பை மட்டுமே குறைக்கும். முன்பண அட்டையிலோ, விடுவிக்கும் வரையில் நம் கைப்பணமே முடங்கிக் கிடக்கும்.

இவ்வளவும் ஆராய்ந்து நல்ல அட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகும், ஒரே நொடியில் அப்பயனை இழக்கச் செய்யும் கண்ணி ஒன்று கடைகளில் காத்திருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் கல்லூரித் தோழியருடன் சிங்கப்பூர் சென்று திரும்பியபின், பற்றுச்சீட்டுகளை என்னிடம் காட்டினாள். தந்தையின் கடன் அட்டையோடு சேர்த்துப் பெற்ற துணை அட்டை அவளுடையது. வட்டம் 2 விழுக்காடே. விடுதிக்கு 400 வெள்ளி கொடுத்திருக்கிறாள். நாம் வைத்துக்கொண்ட விலைப்படி 26,000 ரூபாய். வட்டமும் வரியும் சேர்ந்து 26,613 ரூபாய் 60 காசு ஆகியிருக்க வேண்டும். ஆனால் பொறியின் திரையில் 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, வெள்ளியிலா?' என்ற கேள்வி வந்திருக்கிறது. ரூபாய் நமக்குப் பழகிய நாணயம் ஆயிற்றே என்று அதனைத் தொட்டிருக்கிறாள். ரூபாயைத் தொட்டால் மாற்றுபவர் நம் வங்கி அல்லர். கடைக்காரரின் சார்பில் வேறொருவர் தம் விலைக்கு மாற்றுகிறார். அவர் 5 விழுக்காடு வைத்தால் 27,300 ரூபாய் ஆகும். கூடுதல் 686 ரூபாய் 40 காசு. ஒரு சட்டைத் தையற்கூலிக்கு மேல்! போதாக்குறைக்கு, கடை பிறநாட்டில் இருப்பதால், ரூபாயில் செலுத்தினாலும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உள்ளன. விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றின் விதிகளின்படி வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். எனவே கடைப்பணியாளர் நம்மைக் கேளாமல் ரூபாயை அழுத்திவிட்டால், அதை நீக்கிவிட்டு வெள்ளியிலேயே மீண்டும் செய்யுமாறு பணிவோடும் உறுதியோடும் சொல்லலாம். பணப்பொறியும் இதே கேள்வியைக் கேட்கும். விடை என்றும் அந்நாட்டு நாணயமே.

பத்து நாள் ஒரே நாட்டில் தங்கும் மாணவருக்கு என் கருத்து இது: செலவில் முக்கால் பங்கை முன்பண அட்டையில் ஏற்றுங்கள். வீட்டுப் பெரியவரின் கடன் அட்டைக்குத் துணை அட்டை இருந்தால் அதை வேறொரு பையில் வையுங்கள். நூறு வெள்ளி சில்லறை நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும். உணவங்காடியில் எல்லாக் கடைகளிலும் நம் அட்டை செல்லாது. நான்கு நாடுகளை எட்டு நாளில் சுற்றுபவருக்கோ, வட்டம் குறைந்த கடன் அட்டையே மேல்.

புறப்படும் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. 2020-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, நம் நாட்டில் புதிதாக வழங்கும் பற்று அட்டையும் கடன் அட்டையும் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். பிறநாட்டுப் பயன்பாட்டை வங்கியின் செயலியிலோ கிளையிலோ நாமே திறந்துவிட வேண்டும். வரம்பையும் நாமே குறிக்கலாம். ஊர் திரும்பியதும் மறவாமல் மூடிவிடுங்கள். பற்றுச்சீட்டுகளை உடனே கிழித்தெறிய வேண்டாம். கடையில் செலவிட்ட தொகை வங்கிக் கணக்கில் முடிவாகப் பதிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குள் விலையும் சற்று மாறியிருக்கும். மாதக் கணக்குத்தாள் வந்தபின் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒத்துவராத தொகையை உடனே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.