விழி திறந்த பின்னர்

திரைப்படங்களில் நாம் பலமுறை கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. மருத்துவர் கண்கட்டை மெல்ல அவிழ்ப்பார். சுற்றி நிற்போர் மூச்சடக்கி நிற்பர். மங்கலாய்த் தோன்றிய உருவங்கள் தெளிவடையும். பல்லாண்டுகள் ஒளியறியாதிருந்தவர் எதிரே நிற்பவரின் முகம் நோக்கிப் புன்னகை புரிவார். துன்பம் தீர்ந்தது, படமும் முடிந்தது. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘அட் ஃபர்ஸ்ட் சைட்’ என்னும் ஆங்கிலப் படத்திலோ இக்காட்சி இடையிலேயே வந்துவிடுகிறது. துன்பம் அதன் பிறகுதான் வேறு வடிவில் தொடங்குகிறது.

இர்வின் விங்க்லர் இயக்கிய இப்படத்தின் தலைப்பே சிலேடை நயம் உடையது. கண்டதும் காதல் என்பது ஒரு பொருள். முதன்முதலாகக் காணுதல் என்பது மற்றொரு பொருள். இளங்குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த விர்ஜில் (வால் கில்மர்) ஓய்வு விடுதி ஒன்றில் மசாஜ் செய்து பிழைப்பவன். நியூயார்க் நகரத்துக் கட்டட வரைவாளரான ஏமி (மீரா சொர்வினோ) அலைச்சலும் மனச்சோர்வும் மிக, அங்கு வருகிறாள். அவன் கை பட்டதும், அடக்கி வைத்திருந்த துயரெல்லாம் கண்ணீராய்ப் பெருகுகிறது. நம் மரபில் வளர்ந்தோர்க்கு இக்காட்சி சற்றுக் கூச்சம் தரலாம். ஆயினும் கதையின் உயிர்நாடி இங்குதான் உள்ளது என்பதை மறுக்க இயலாது. இருவரும் அன்பு கொள்கின்றனர். அறுவை மருத்துவத்தால் பார்வை வரக்கூடும் என்று கண்டறிந்து, அதற்கு அவனை இணங்க வைப்பவள் ஏமி.

கட்டு அவிழ்கிறது. ஒளியும் நிறமும் அசைவும் ஒன்றன்மேல் ஒன்றாய் மோத, விர்ஜில் அஞ்சித் தடுமாறுகிறான். எதிரில் இருப்பது முகம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. கையால் தடவிய பின்னரே அவள் ஏமி என்று அறிகிறான்.

இது கதாசிரியரின் கற்பனை அன்று. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் (2015-இல் மறைந்தவர்) 1993-இல் எழுதிய கட்டுரையே இப்படத்திற்கு மூலம். ஐம்பது வயது வரை பார்வையின்றி வாழ்ந்த ஒருவருக்கு 1991-இல் கண்புரை அகற்றப்பட்டபின் நிகழ்ந்தவற்றை விர்ஜில் என்னும் புனைபெயரால் அவர் பதிவு செய்தார். அம்மனிதர் தம் வீட்டு நாயையும் பூனையையும் கண்ணால் வேறுபடுத்தி அறியமாட்டாது திகைத்தாராம்.

வியப்பு யாதெனில், இதே நாயும் பூனையும் 1728-ஆம் ஆண்டு இலண்டன் ஆவணம் ஒன்றிலும் வருகின்றன. வில்லியம் செசல்டன் என்னும் அறுவை மருத்துவர் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பார்வை அளித்தார். எது நாய், எது பூனை என்று மீண்டும் மீண்டும் கேட்க வெட்கமுற்ற அச்சிறுவன், பூனையைப் பிடித்து, உடல் முழுதும் தடவி, உற்றுப் பார்த்துவிட்டு, இனி மறவேன் என்னும் கருத்துப்படச் சொல்லிக் கீழே விட்டானாம். கையிடம் கேட்டுக் கண் பாடம் கற்ற செய்தி இது.

இவ்வினாவை முதலில் எழுப்பியவர் டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மாலினூ. கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே அறிந்த ஒருவர், பார்வை பெற்றவுடன் தொடாமலே எது எதுவெனக் கூறுவாரா என்று தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் அவர் கேட்டார். கூற மாட்டார் என்பதே இருவரின் விடை. லாக் தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைச் சேர்த்தார். மாலினூவின் மனைவி மணமான சிறிது காலத்திலேயே பார்வை இழந்தவர் என்பதை அறியும்போது, இவ்வினாவை வெறும் ஏட்டு வினா என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

அவர்களுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் இதன் வேரைத் தொட்டிருக்கிறார். கண் பெறுவது ஒளியும் நிறமும். பொருளை இன்னதென அறிவது நினைவும் ஒப்பிட்டுத் துணிதலும். அத்துணிபு மிக விரைவாக நிகழ்வதால் நாம் அதனை உணர்வதில்லை என்பது அவர் கருத்து. தொல்காப்பிய மரபியலும் உற்றறிதலாகிய தொடுவுணர்வை முதலறிவாகவும், காட்சியை நான்காம் அறிவாகவும், மனத்தை ஆறாம் அறிவாகவும் வைத்திருப்பதை மாணவர் இங்கு நினைவுகூரலாம். (இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை, அத்தகைய ஒப்பீடுகள் நம் மேடைகளில் மலிந்துவிட்டன.)

உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி ஆராய்ந்த ஆங்கிலேயர் ஒருவரின் வரலாறு நெஞ்சை உருக்குவது. ஐம்பத்திரண்டாம் வயதில் கருவிழிப்படலம் மாற்றிப் பொருத்தப்பட்டுப் பார்வை பெற்ற அவர், பள்ளியில் தொட்டுப் பயின்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளை உடனே கண்ணால் படித்தார். தொட்டறியாத சிறிய எழுத்துகளைப் படிக்க இயலவில்லை. பார்வையற்றிருந்த காலத்தில் துணிந்து தெருவைக் கடந்தவர், பார்வை வந்தபின் வண்டிகளைக் கண்டு நடுங்கினார். மனச்சோர்வுற்று 1960-இல் காலமானார்.

எல்லார்க்கும் முடிவு இதுவே என்று கருதுதல் தவறு. புதுதில்லியில் பவன் சின்ஹா குழுவினர் ‘பிரகாஷ்’ திட்டத்தின்கீழ் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐவரைச் சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். கையால் தொட்ட பொருளைக் கண்ணால் இனங்காண அவர்களால் முதலில் இயலவில்லை. மாலினூவின் விடை சரியே. ஆயினும் சிலரைப் பின்னர் மீண்டும் சோதித்தபோது அத்திறன் விரைவாக வளர்ந்திருந்தது.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நீள்கிறது. மகனைக் கைவிட்டுச் சென்ற தந்தையின் கிளைக்கதை கண்ணீருக்காகவே ஒட்டப்பட்டதுபோல் உள்ளது. ஆனால் ஒன்றை இயக்குநர் மறைக்கவில்லை. பார்வை வேண்டுமென்று மிகுதியும் விரும்பியவள் ஏமி. அவனுடைய பேரறிவு கைகளில் இருந்தது. அதைக் கண்டே அவள் அன்பு கொண்டாள். பின்னர் அதனைக் குறையென எண்ணித் திருத்த முற்பட்டாள். கண் திறந்ததும் அவன் தன் தொழிலுலகில் பெற்றிருந்த தேர்ச்சியை இழந்து, எதையும் புதிதாய்க் கற்க வேண்டிய குழந்தையாகிறான். அவள் முகக்குறிப்பும் அவனுக்கு விளங்குவதில்லை. விழித்திரை நோயால் பார்வை மீண்டும் மங்கி மறைந்த பிறகே இருவரும் மனமொத்து இணைகின்றனர்.

இக்கதையை வகுப்பில் ஒருமுறை விரித்துரைத்தேன். எம் துறையில் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். “ஐயா, அவனுக்குப் பார்க்கக் கற்பித்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தொட்டறிய யாரேனும் கற்பித்தார்களா?” என்று கேட்டார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அவன் கை பட்டதும் அவள் அழுத முதற்காட்சியை மட்டும் நினைவூட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அந்த இடத்தை இன்னொரு முறை சொல்லுங்கள், ஐயா” என்றார்.