காவலருக்கு முன்னே பறக்கும் கேமரா

கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டா நகரில் அவசர அழைப்பு வந்தால், பல நேரம் காவலருக்கு முன்பே ட்ரோன் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. ட்ரோன் எடுக்கும் வீடியோ, வழியில் வந்துகொண்டிருக்கும் காவலரின் செல்போனிலேயே தெரியும்.

எப்படி?

அசல் வீடியோ மிகப் பெரியது; அப்படியே அனுப்ப முடியாது. அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டும் எடுத்து, ட்ரோனுக்குள்ளேயே சுருக்கிவிடுகிறார்கள். பிறகு அந்த வீடியோ நேரடி ரேடியோ இணைப்பு வழியாகவோ செல்போன் நெட்வொர்க் வழியாகவோ சர்வருக்குப் போய், பார்ப்பவர் திரையை அடைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது தாமதம் சேரும்.

ஒருவர் கையில் இருப்பது துப்பாக்கியா, வேறு பொருளா என்று முன்கூட்டியே தெரிந்தால் உயிர்கள் தப்பும். ஆனால் வழியிலுள்ள வீடுகளும் கேமராவில் விழுகின்றன. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.