மருந்துக்கடைப் புகையிலை

அமெரிக்காவில் இருமல் மருந்து விற்ற கடையிலேயே பைப் புகையிலையும் விற்றார்கள். வேடிக்கைதான்! பிரின்ஸ் ஆல்பர்ட், கார்ட்டர் ஹால், கேப்டன் பிளாக் எல்லாம் அங்கே கிடைத்த மலிவு ரகங்கள். 1907-இல் வந்த பிரின்ஸ் ஆல்பர்ட்டில் பெரும்பங்கு பர்லி என்ற வகைப் புகையிலை இலை. அந்த இலையில் இயல்பான சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் மேலே சேர்க்கும் இனிப்பையும் வாசனையையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மலிவுக் கலவைக்குத் தோதான இலை அது. அலட்டாத புகையிலைச் சுவை போதும் என்பவர்கள் பர்லியைக் கேட்பார்கள். வெனிலா வாசம் விரும்பியவர்கள் கேப்டன் பிளாக்கை எடுப்பார்கள். வாசனை எதுவானாலும், வாய்ப் புற்றுநோய் அபாயம் ஒன்றுதான், நேயர்களே. சிவிஎஸ் என்ற பெரிய அமெரிக்க மருந்துக்கடை நிறுவனம் 2014-இல் புகையிலை விற்பனையை அடியோடு நிறுத்திவிட்டது.