பண்டிதர் என்றொரு சொல்

2024 ஜூன் முதல் தேதி மாலை, நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த கையோடு, டி.வி.யில் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றார்கள். 400 வரை போனவர்களும் உண்டு. ஜூன் 4-இல் வந்தது 293. இப்படி ஆரூடம் சொல்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘பண்டிட்’ என்று பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் அரசியல் நோக்கர், விமர்சகர், வல்லுநர் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுச் சமாளிக்கின்றன. ‘பண்டிதர்’ என்று மட்டும் பெரும்பாலும் எழுதுவதில்லை. நம்ம பத்திரிகைக்காரர்கள் அந்த மட்டில் விவரமானவர்கள்தான்!

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை நம் நாட்டிலிருந்துதான் எடுத்துப் போனார்கள். கம்பெனி காலத்து நீதிமன்றங்களில் இந்து தர்ம சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று நீதிபதிக்கு எடுத்துரைக்கப் பண்டிதர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். 1864-இல் அந்தப் பதவி எடுக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், நயின் சிங் என்ற குமாவோன் பள்ளி ஆசிரியரைத் திபெத்தை ரகசியமாக அளக்க அனுப்பினார்கள். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி மட்டும் கோத்து, அடி அடியாக எண்ணிக்கொண்டே லாசா போய்ச் சேர்ந்தார் மனிதர். அவருக்கு வைத்த ரகசியப் பெயரும் ‘பண்டிட்’ தான். அளந்து பார்த்துச் சொன்னவருக்கு இருந்த பெயர், அளக்காமலே சொல்கிறவர்களுக்கும் இன்று ஒட்டிக்கொண்டது.

இனி நம்ம மும்பைக்கு வருவோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ‘பண்டிட்’ என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். பூஜை பண்ணுகிற பண்டிட்ஜி என்பார்கள். இந்தி சினிமா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. சண்முகானந்தா அரங்குக்குப் போகிற வீட்டுப் பிள்ளையானால் பீம்சேன் ஜோஷியைச் சொல்லும். இந்துஸ்தானி மேடையில் இந்துக் கலைஞர் பண்டிட், முஸ்லிம் கலைஞர் உஸ்தாத். நம் கர்நாடக இசைக்காரர் வித்வான். ஆனால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தமிழ் வீட்டு விசேஷத்துக்கு யாரும் ‘பண்டிதரை’ அழைப்பதில்லை. வாத்தியார் வருவார், சாஸ்திரிகள் வருவார், கோயிலில் குருக்கள் இருப்பார்.

தமிழில் அந்தச் சொல் வேறு வழியில் நடந்திருக்கிறது. நம் அகராதிகளில் பண்டிதன் என்றால் புலவன், கூடவே வைத்தியன். முடிதிருத்தும் தொழிலோடு வைத்தியமும் பார்த்த குடும்பத்தாரையும் பண்டிதர் என்றே அழைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். நெல்லைப் பக்கத்துப் பெரியவர்கள் தாராவியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) என்ற பெயரைப் படிக்கும் நம் பிள்ளை, இந்தி வழக்கை மனசில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு புரோகிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சித்த வைத்தியர். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கியவர். காத்தவராயன் என்பது பிறந்தபோது வைத்த பெயர். தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரையே பிறகு தமதாக்கிக்கொண்டார். அவருடைய பத்திரிகை கோலார் தங்கவயலுக்கும் போனது, கடல் கடந்தும் போனது. பிழைக்கப் போன தமிழர்கள் அதைக் காத்திருந்து வாங்கினார்கள். நமக்கும் அது சொந்தக் கதைதானே?

இன்னொருவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்த கிறிஸ்தவர். தஞ்சாவூரில் வைத்தியத்தில் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் கொட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரும் நூலை வெளியிட்டார். இவர்கள் இருவருக்கும் பண்டிதர் என்பது சாதியால் வந்ததில்லை, படித்தும் கைவைத்தியம் பார்த்தும் வந்தது.

படிப்புக்குப் பட்டமாகவும் அது இருந்தது. 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதப் பரீட்சை நடத்தியது. யாழ்ப்பாணத்திலும் அப்படிப் பரீட்சை எழுதித் தேறியவர்களை ஊரே பண்டிதர் என்று அழைத்தது. பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியருக்கும் ‘தமிழ்ப் பண்டிதர்’ என்றுதான் பதவிப் பெயர். மற்ற ஆசிரியர்களை விடச் சம்பளம் குறைவு, பையன்களின் கேலி அதிகம். “பெரிய பண்டிதர், சொல்ல வந்துட்டார்” என்று வீட்டில் நாம் நையாண்டி பண்ணுவதும், புரியாத எழுத்தைப் ‘பண்டிதத் தமிழ்’ என்று தள்ளுவதும் அங்கிருந்து வந்த வழக்கமாகவே எனக்குப் படுகிறது.

பெண்களில் இப்பட்டம் பெற்றவர் நம் மும்பைக்கு உறவுள்ளவர். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் ரமாபாயைப் ‘பண்டிதா’ என்று ஏற்றார்கள். 1889-இல் விதவைப் பெண்களுக்கான சாரதா சதனை அவர் சௌபாத்தியில்தான் ஆரம்பித்தார். மறு வருஷம் அது புனேக்குப் போய்விட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க சுலபமான ஒரு அடையாளம் உண்டு. வடக்கே இச்சொல் பெயருக்கு முன்னால் நிற்கும்: பண்டிட் ரவிசங்கர், பண்டித நேரு. தமிழில் பின்னால் வரும்: அயோத்திதாசப் பண்டிதர், ஆபிரகாம் பண்டிதர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மாதிரி சிலர் விலக்கு. அது மணி சேர்த்துக் கொடுத்த விருதுப் பெயர் என்பதால் முன்னால் போய் நின்றுகொண்டது.